பானை வந்தது, வீடு வந்தது, ஊர் வந்தது: இந்த வரிசை சரியா?

கேள்வி · பிப்ரவரி 9

பள்ளிப் பாடத்தில் படித்தது இது: புதிய கற்காலத்தில் மனிதன் பயிர் செய்தான், பானை வனைந்தான், வீடு கட்டினான், ஊராகக் கூடி வாழ்ந்தான். பானை கனமானது, உடையக்கூடியது. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் அலைய மாட்டார்கள். ஆகவே பானை ஓடு கிடைக்கும் இடமெல்லாம் குடும்பங்கள் நிலையாகத் தங்கிய ஊர் என்று எடுத்துக்கொள்ளலாம். இது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 9, இரவு

மறுக்கிறேன். ஜப்பானில் வேட்டையாடி, மீன் பிடித்து, கொட்டை பொறுக்கிப் பிழைத்தவர்கள் சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பே பானை செய்தார்கள். சீனாவின் சியான்ரென்டோங் குகையில் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டு பழையவை. அங்கே வயலும் இல்லை, ஊரும் இல்லை. இதற்கு நேர்மாறு பாலஸ்தீனத்து ஜெரிகோ: வீடு இருந்தது, சுவர் இருந்தது, பானை வர இன்னும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. நமக்குப் பக்கத்தில் பலுசிஸ்தானத்து மெஹர்கர் இருக்கிறது. கி.மு. 7000 வாக்கில் மண் செங்கல் வீடு, கோதுமை, வாற்கோதுமை எல்லாம் உண்டு. பானை மட்டும் கிடையாது.

பாடப் புத்தகம் நாலு விஷயத்தையும் ஒரே வரியில் எழுதியதால் நாலும் ஒரே நாளில் வந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

பிப்ரவரி 10

"சீனா, ஜப்பான் எல்லாம் நமக்கு எதற்கு, தென்னிந்தியாவைச் சொல்லுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. சரி, பல்லாரிக்குப் போவோம்.

வேலை காரணமாக அந்தப் பக்கம் சில காலம் இருந்தேன். பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டை போகும் வழியில் குடதினி என்ற ஊர். அங்கே சாலையோரமாகவே ஒரு மேடு. முதலில் ஏதோ ஆலைக் கழிவு கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், அந்த வட்டாரத்தில் அப்படி நினைப்பது இயல்பு. இறங்கிப் பார்த்தால் சாம்பல். அடுக்கடுக்காகச் சாம்பல். சில அடுக்கு மாவு போல உதிர்கிறது, சில அடுக்கு உருகி, கண்ணாடிக் கசடு போலக் கெட்டியாகி, துளை துளையாக இருக்கிறது.

இது மாட்டுச் சாணம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பட்டியில் சேர்ந்த சாணத்தைக் குவித்து எரித்த மேடு. கர்நாடகத்தின் பல்லாரி, ராய்ச்சூர், யாதகிரி பக்கமும் அதை ஒட்டிய ஆந்திர, தெலங்கானா மாவட்டங்களிலும் இப்படி நூறு மேட்டுக்கு மேல் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இந்த அளவில் இல்லை.

கேட்டவருக்கு என் பதில் இந்த மேட்டில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரியும் முதல் பொதுக்காரியம் வீடு இல்லை, கோயில் இல்லை, மதில் இல்லை. சாணத்தைச் சேர்த்து எரித்ததுதான். ஒரு குடும்பத்து மாட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு மேடு எழுப்ப முடியாது. பல குடும்பத்து மாடு ஓரிடத்தில் அடைந்திருக்க வேண்டும், என்றைக்கு எரிப்பது என்று ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். பானை அப்போதே கையில் இருக்கிறது. நிலையான ஊர் பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது.

பிப்ரவரி 10, கொஞ்சம் கழித்து

"சாணம் என்று எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு.

ஊர்க்காரர்கள் சொல்வது வாலி கதை. ஹம்பி பக்கத்தில் நிம்பாபுரத்துச் சாம்பல் மேட்டை, ராமன் கொன்ற வாலியை எரித்த இடம் என்பார்கள். கிஷ்கிந்தை அதுதான் என்பதால் கதை பொருந்திப் போகிறது. வெள்ளைக்காரர்களில் நியூபோல்ட் 1840-களை ஒட்டியே இந்த மேடுகளைப் பற்றி எழுதிவிட்டார். எரிமலை, இரும்பு உருக்கிய கசடு என்றெல்லாம் ஆளுக்கொரு பேச்சு. ராபர்ட் செவெல் விஜயநகரக் காலத்துப் பெரும் எரிப்புகளோடு முடிச்சுப் போட்டார். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் மட்டும், இது புதிய கற்காலம், எரிந்தது சாணம் என்றார். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே, அவரேதான். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தவர். அவர் சேர்த்த பொருட்கள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூர் போகிறவர்கள் வெண்கலச் சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

1950-களில் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் தெலங்கானாவின் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். மரக்கம்பம் நட்டு வேலியடைத்த குழிகள் கிடைத்தன. மாட்டுக் குளம்பு பதிந்த தரையே கிடைத்தது. 1960-இல் சோய்னர் என்ற ஆய்வாளர் சாம்பலைச் சோதனைக்கூடத்தில் பார்த்து, சாணம்தான் என்று முடித்துவைத்தார்.

எனக்கு இதை நம்பச் சோதனைக்கூடம் தேவைப்படவில்லை. பெரியம்மா ஊரில் எருக்குப்பையில் ஒரு முறை தீப்பிடித்தது. மேலே ஒன்றுமே தெரியாது, குச்சியை விட்டால் உள்ளே கனல். தண்ணீர் ஊற்றினாலும் அடங்கவில்லை. அந்த ஊர் மடத்தில் சிவராத்திரிக்கு விபூதி சுடுவார்கள்: காய்ந்த சாண உருண்டைகளைப் பதர் போட்டு மூடிக் கொளுத்தினால் வெளுத்த நீறாக வரும். குடதினியில் கையில் எடுத்துப் பார்த்த அந்த உதிரி அடுக்கு நிறத்திலும் தொட்டுணர்விலும் அச்சு அசல் அதுதான்.

பிப்ரவரி 11

காலம் பற்றி ஒரு திருத்தம், மேலே ஒருவர் "கி.மு. 1000" என்று போட்டிருப்பதற்கு. அது தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியைத் தோண்டிவிட்டுச் சொன்ன கணக்கு. கற்கோடரிப் பண்பாடு கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தது என்றார். அப்போது கார்பன் காலக்கணிப்பு இல்லை. பிறகு உட்னூர்க் கரியை அளந்தபோது கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு என்று வந்தது. இப்போது பொதுவாகச் சொல்வது கி.மு. 3000 முதல் சுமார் 1200 வரை. அதாவது சிந்துவெளி நகரங்கள் எழுவதற்குச் சற்று முன்பே தொடங்கி அவை அழிந்த பிறகும் ஓடியிருக்கிறது.

பிப்ரவரி 11, இரவு

ஓட்டைப் பானை படம் போட்டு "இட்லிச் சட்டி 4,000 ஆண்டுகளுக்கு முன்பே" என்று தலைப்பு வைத்த நண்பருக்கு: சட்னி எங்கே என்று நான் கேட்கவில்லை. இட்லி மாவு, அரிசி, உளுந்து எதற்கும் அங்கே ஆதாரம் இல்லை. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட பானைகள் உண்மைதான். வடிகட்ட வைத்திருக்கலாம், ஆவியில் வேகவைக்க வைத்திருக்கலாம், தயிரோ பால்கட்டியோ பிழிய வைத்திருக்கலாம். இத்தனை மாட்டை வைத்துக்கொண்டு பாலைத் தொடாமல் இருந்திருப்பார்களா என்று தோன்றுவது வேறு, பானையே அதைச் சொல்வது வேறு.

பிப்ரவரி 13

பானையைப் பற்றிக் கேட்ட இழையில் சாணத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று குற்றச்சாட்டு. சரி, பானை.

பெரும்பாலும் சாம்பல் நிறம், சில மங்கலான பழுப்பு. கையால் செய்தவை, சில மெதுவாகச் சுற்றும் தட்டில் வைத்து ஒழுங்குபடுத்தியவை. வேகச் சக்கரம் கடைசிக் கட்டத்தில்தான். திறந்தவெளியில் அடுக்கிக் குறைந்த சூட்டில் சுட்டது, சூளை கிடையாது. பல பானைகளில் மேற்பரப்பைக் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் சுட்ட பிறகு காவிக்கல்லைக் குழைத்து விளிம்பில் பட்டை தீட்டியிருக்கிறார்கள். கழுவினால் போய்விடும் வேலை, அப்படியும் செய்திருக்கிறார்கள். உருண்டை வயிற்றுப் பானை, மூக்கு வைத்த கிண்ணம், அகன்ற சட்டி, தானியம் போடும் பெரிய சால்.

மினுக்குவது அழகுக்காக மட்டும் என்று எழுதுகிறவர்கள் மண்சட்டியில் சமைக்காதவர்கள். சுமாராகச் சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும். நான் ஒரு முறை சந்தையில் வாங்கிய மினுக்காத சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினேன். பாதி ரசம் சட்டிக்குள் போய்விட்டது, வெளியே வியர்த்தது. அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக் கஞ்சி காய்ச்சி ஊற வைத்துப் பழக்கினேன். கல்லால் தேய்த்து மண்ணை இறுக்கினால் நீர் கசிவது குறையும், கஞ்சி மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கஞ்சி என்று சும்மா சொல்லவில்லை. இந்த இடங்களில் மண்ணைக் கரைத்துச் சலித்துக் கருகிய விதைகளை எடுத்திருக்கிறார்கள். தாவரத் தொல்லியலாளர் டோரியன் ஃபுல்லர் இதை விரிவாகச் செய்தார். திரும்பத் திரும்பக் கிடைப்பவை கொள்ளு, பச்சைப்பயறு, குலசாமை (கன்னடப் பக்கம் கொரலே), அப்புறம் தினைக்குத் தங்கை முறையான ஒரு சிறு புல்லரிசி. கோதுமையும் வாற்கோதுமையும் பிற்பாடு கொஞ்சம். முதலில் சொன்ன நாலும் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை, மழையை நம்பி விளைபவை.

கொள்ளைக் குக்கர் இல்லாமல் வேகவைத்துப் பாருங்கள். விறகடுப்பில் மண்பானையில் வைத்தேன், மத்தியானம் சாப்பாடு என்று திட்டம், மாலைக் காப்பி நேரத்துக்குத்தான் நசுங்கியது. பானை இல்லாமல் கொள்ளை ஆள் கணக்கில் உணவாக்கவே முடியாது. வறுத்துத் தின்னலாம், பல் இல்லாத குழந்தைக்கும் கிழவருக்கும் அது ஆகாது. இவர்கள் பானை வைத்திருந்ததற்கு இந்தப் பயறு ஒன்றே போதுமான காரணம். நிலையாகத் தங்கினார்களா இல்லையா என்பது அப்புறம்.

பிப்ரவரி 14

யோசித்துப் பார்த்தால் 10-ஆம் தேதிக் குறிப்பைக் கொஞ்சம் இளக்க வேண்டியிருக்கிறது. "வீடு பிறகுதான்" என்ற தொனியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "அப்படியானால் சாம்பல் மேட்டுக்காரர்கள் நாடோடிகள்" என்று முடிவே கட்டிவிட்டார்.

யாதகிரிப் பக்கத்துப் புதிஹால் மேட்டைப் பாருங்கள். தொல்லியலாளர் கே. பத்தையா அங்கே 1990-களில் தொடர்ந்து தோண்டினார். மேடு, அதற்குப் பக்கத்திலேயே குடியிருப்பு, குழந்தைகளைப் புதைத்த இடம், கல்லாயுதம் செய்த இடம், மாட்டை அறுத்துக் கூறுபோட்ட ஒரு பெரிய தரை, எல்லாம் ஒரே வளாகத்தில். அறுத்த தரையில் எலும்பும் கல் கத்திகளும் குவிந்து கிடந்தன. ஆக மேய்ச்சலுக்கு வந்து போன வெறும் பட்டி என்று எல்லா மேட்டையும் சொல்ல முடியாது, சில இடங்களில் மேட்டோடு சேர்ந்தே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். குடிசை என்பது மூங்கிலும் படலும் மண்பூச்சும்தான். ஒரு மழைக்காலம் போதும் கரைய. சாணக் கசடு ஐயாயிரம் ஆண்டு நிற்கும். எது நம் கண்ணில் படுகிறது என்பதில் இந்த ஓரவஞ்சனை இருக்கிறது.

ஆனாலும் அந்த அறுத்த தரைதான் என் கட்சிக்குச் சாட்சி. ஒரு மாட்டை அறுத்தால் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இறைச்சியைச் சேமிக்கும் ஒரே இடம் பக்கத்து வீட்டுக்காரர் வயிறு. இன்று நான் கொடுத்தால் நாளை நீ கொடுப்பாய். கஞ்சி குடும்பத்துப் பானையில், கறி ஊருக்குப் பொதுவாக.

பிப்ரவரி 14, இரவு

"மாட்டை அறுத்தார்களா?" என்று அதிர்ச்சியடைந்தவர்களுக்கு: எலும்பில் வெட்டுக்காயம் இருக்கிறது. இதில் இன்றைய அரசியலைக் கொண்டுவந்து இழையை மூட வைக்காதீர்கள்.

பிப்ரவரி 16

"பானை செய்தது பெண்கள்தானே?" தொல்லியலாளர் கார்டன் சைல்டு காலத்திலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். இந்தியாவில் பல வட்டாரங்களில் சக்கரத்தைப் பெண்கள் தொடக்கூடாது என்ற வழக்கம் உண்டு. சக்கரம் இல்லாமல் கையால் செய்யும் இடங்களில் பெண்கள் செய்வதும் உண்டு. அதை அப்படியே பின்னோக்கித் தள்ளுகிறார்கள். எனக்கும் அது நடந்திருக்கக்கூடியது என்றே தோன்றுகிறது. ஆனால் பல்லாரிப் பானை ஓட்டில் பெயர் எழுதி வைக்கவில்லை.

வேறொரு வித்தியாசம் இதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. பானை எல்லா இடத்திலும் செய்திருக்கிறார்கள், களிமண்ணும் எரிக்கச் சுள்ளியும் எங்கேயும் உண்டு. கற்கோடரி அப்படியில்லை. பல்லாரியை ஒட்டிய சங்கனகல்லுவில் ஹிரேகுட்டா என்ற குன்றில், மற்றப் பாறையைப் பிளந்துகொண்டு டாலரைட் என்ற கரும்பாறை சுவர் போல ஓடுகிறது. அங்கே உடைத்துச் செதுக்கிய சில்லுகள் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கின்றன. அந்த ஒரு குன்றுக்குத் தேவையானதைவிட மிக அதிகம். வெளியூர்களுக்குப் போயிருக்கிறது. பானை வீட்டுப் பொருள், கோடரி ஊர்ப் பொருள் என்று நான் பிரித்துக்கொள்வேன். ஆய்வாளர்கள் இவ்வளவு தடிமனாகக் கோடு போட மாட்டார்கள்.

பிப்ரவரி 17

அதே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் இன்னும் இரண்டு. பாறைமேல் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்த குழிகள், நீளமான வழவழப்பான பள்ளங்கள். தானியம் அரைத்ததும் கோடரி தீட்டியதும் அங்கேதான். வீட்டுக்குள் அம்மி வைத்து ஒவ்வொருத்தி தனியாக அரைத்த காட்சியை இந்தப் பாறைகள் தரவில்லை. பாறையை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது, அரைக்கிறவர்கள்தான் வர வேண்டும். குழிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நாலு பேர் உட்கார்ந்து அரைத்தால் ஊர்க்கதை அத்தனையும் வெளியே வந்திருக்கும்.

இரண்டாவது, பாடும் கல். குப்கலில் சில கரும்பாறைகளைக் கல்லால் தட்டினால் மணி போல ஒலிக்கிறது. தட்டித் தட்டித் தேய்ந்த குழி பழையது. சுற்றிலும் நீண்ட கொம்பும் திமிலும் வைத்த மாடுகளைப் பாறையில் கொத்தியிருக்கிறார்கள். ஊர் கூட அழைத்த ஒலியா, சடங்கா, சும்மா பொழுதுபோக்கா? நான் தட்டிப் பார்த்தபோது கீழே ஆடு மேய்த்த பையன் மேலே பார்த்தான். அந்த அளவுக்குத் தூரம் கேட்கிறது.

கல்குவாரி அந்தக் குன்றை அரித்ததைப் பற்றித் தனி இழை போட வேண்டும். இங்கே ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். போகிறவர்கள் பல்லாரியில் ஃபூட் பெயரில் உள்ள சங்கனகல்லு அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள், பார்ப்பது என்னவென்று புரியும்.

பிப்ரவரி 19

எரிப்பது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாணம் உரம், சாணம் எரிபொருள், சாணம் மெழுக்கு. அதைப் போய் வீணாக மேடு மேடாக எரிப்பானேன்? உண்ணியும் ஈயும் ஒழிய என்பது எளிய பதில். அதற்குச் சின்னத் தீ போதும், கல் உருகும் சூடு வேண்டாம். மாடு, ஆண்டின் ஒரு நாளில் தீ, ஊர் கூடுவது என்று ஆல்சின் பண்டிகைப் பக்கம் கையைக் காட்டினார். மைசூர்ப் பக்கம் இன்றும் சங்கராந்தி மாலையில் வைக்கோலைக் கொளுத்தி மாட்டைத் தீ தாண்டவைப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். இந்த வழக்கம் ஐயாயிரம் ஆண்டாக அறுபடாமல் வந்தது என்று சொல்ல என்னால் ஆகாது. ஆனால் பட்டியைச் சுத்தம் செய்வதும் கொண்டாடுவதும் ஒரே வேலையாக இருக்க முடியும் என்பதற்கு நம் போகிப் பண்டிகையே சாட்சி.

மேடு உயர உயர அது தூரத்திலிருந்து தெரியும். இங்கே இத்தனை மாடு, இத்தனை ஆள், இத்தனை தலைமுறை என்று வருகிறவனுக்குச் சொல்லும்.

பிப்ரவரி 20

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "பானைக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?"

இல்லை ஐயா, இருக்கிறது. நீங்கள் தேடிய இடம்தான் வேறு. கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் சாம்பல் மேடுகள் ஓய்ந்துவருகின்றன, குன்றுகளின் மேல் ஊர்கள் தெளிவாகத் தெரிகின்றன. பல்லாரி மாவட்டத்துத் தெக்கலகோட்டாவில் 1963–64-இல் தொல்லியலாளர் நாகராஜ ராவ் தோண்டியபோது வட்டக் குடிசைகள் கிடைத்தன: கல் அண்டக்கொடுத்த அடி, மரக்கால், படல் சுவர், உள்ளே அடுப்பு. இறந்த பச்சைக் குழந்தையைப் பானைக்குள் வைத்து வீட்டுத் தரைக்குக் கீழே புதைக்கும் வழக்கம் இந்தப் பண்பாட்டில் பல ஊர்களில் உண்டு. மேலே கஞ்சி கொதிக்கும் பானை, கீழே குழந்தை உறங்கும் பானை. இந்த வீட்டை விட்டு இனிப் போக மாட்டோம் என்பதற்கு இதைவிட அழுத்தமாக என்ன சொல்ல முடியும்? தானியம் போடும் சாலைவிட இதுவே எனக்குப் பெரிய சான்று.

ஆகவே பானை ஓடு கிடைத்தால் ஊர் என்று எழுதாதீர்கள். பானை எங்கே, எதற்கு, எதன் கீழே வைக்கப்பட்டிருந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

பிப்ரவரி 20, இரவு

"தமிழ்நாட்டில் சாம்பல் மேடு உண்டா?" அந்த மாதிரி மேடு இங்கே இல்லை. புதிய கற்காலம் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் தொல்லியல் துறை 1960-களில் தோண்டியது. தரையைக் குடைந்து மேலே கூரை போட்ட குழி வீடுகள், அதே சாம்பல் நிறக் கைப்பானை, மெருகேற்றிய கற்கோடரி, கருகிய கொள்ளும் பச்சைப்பயறும். பல்லாரிக்காரர்களின் சமையலறை அப்படியே இருக்கிறது, அவர்களுடைய மேடு மட்டும் இல்லை. மாட்டையும் பானையையும் கொண்டுவந்தவர்கள் எரிப்பதை ஏன் கொண்டுவரவில்லை என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஈரமான மண், வேறு மேய்ச்சல், சின்ன மந்தை என்று காரணம் அடுக்கலாம். மந்தை சின்னது என்ற பக்கம் நான் சாய்கிறேன்.

பிப்ரவரி 22

கடைசியாக வந்த கேள்வி, அவர்கள் கேழ்வரகுக் களி சாப்பிட்டார்களா. பழைய அகழாய்வு அறிக்கைகளில் கேழ்வரகு என்று வரும். பிறகு விதைகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அந்த அடையாளங்களைப் பலமாகச் சந்தேகித்தார்கள். கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். குலசாமைக் கஞ்சியும் கொள்ளு மசியலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குலசாமை இப்போது இயற்கை அங்காடிகளில் கிடைக்கிறது, கிலோ விலையைக் கேட்டால் கற்காலத்துக்கே போய்விடலாம் என்று தோன்றும். வாங்கினால் இரவே ஊற வையுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் வேகாது.